ஏழு பேர் வேண்டும்

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் கார்னர் பயிற்சி. பத்து மணிக்குக் கழகத்தை நடத்துகிற இறால் கம்பெனி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். மானேஜர் பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார். நெய்தல் மகளிர் கால்பந்துக் கழகம் மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்தப்படுகிறது. வேறு கிளப்புக்குப் போக விரும்புகிறவர்கள் இன்றைக்கே விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். மச்சாது முதலாளி டிசம்பரில் இறந்ததிலிருந்து எல்லோரும் எதிர்பார்த்ததுதான். அவர் மகனுக்குப் பந்து பிடிக்காது.

“சீசன் முடியட்டுமே சார். இன்னும் நாலு மேட்ச் இருக்கு” என்றேன்.

“விளையாடுங்க. யாரு வேண்டாம்னு சொன்னா? ஹாஸ்டல் மார்ச் வரைக்கும் இருக்கு.”

ஹாஸ்டலுக்கு வந்து பத்தொன்பது பேரிடமும் நான்தான் சொன்னேன். கேப்டன் என்றால் இதற்கும்தான் போலிருக்கிறது. யாரும் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள்.

பிப்ரவரி 14, புதன்

கோச் சேவியர் சார் கோவைக்குப் போகிறார். அங்கே ஒரு பள்ளியில் வேலை. பயிற்சிக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். அதில் பாதிக்குமேல் வெறும் பக்கம். அதில்தான் இதை எழுதுகிறேன், திங்கட்கிழமை நடந்ததையும் சேர்த்து.

சாயங்காலம் மாவட்டச் சங்கச் செயலாளர் தனசிங் ஐயாவைப் பார்க்கப் போனேன். லீக்கில் எட்டு அணிகள். கடைசி இரண்டும் கீழே இறங்கும். நாங்கள் இப்போது ஆறாவது. ஐயா நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“நாலு மேட்ச்ல அஞ்சு பாயின்ட் எடுத்துரு பிரகாசி. லீக்ல இடம் இருந்தா சங்கம் பொறுப்பு எடுத்துக்கிடும். பேரக்கூட மாத்த வேண்டாம். எறங்கிட்டீங்கன்னா என்கிட்ட வராத. என்னால ஒண்ணும் முடியாது.”

“ஆளு போய்க்கிட்டே இருக்காளுவ ஐயா.”

“ஏழு பேர் இருந்தா ரெஃப்ரி மேட்ச நடத்துவாரு. ஏழுக்குக் கொறஞ்சா நடத்த மாட்டாரு. அத மட்டும் பாத்துக்கோ.”

இன்னொரு வேலையும் கொடுத்தார். கழகத்தின் வரலாறு, இரண்டு பக்கத்துக்கு மிகாமல். சங்கக் குழுவுக்கு வைக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

பதினைந்து பேர். ஜார்க்கண்டிலிருந்து வந்த பூல்மணியைக் கொல்கத்தா கிளப் எடுத்துக்கொண்டது. எங்களோடு நான்கு வருஷம் இருந்தாள். தமிழ் பேச நான் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவும் இறால் கொட்டகைத் தமிழ். ஸ்டேஷனில், “அக்கா, கோபமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நடு மைதானத்தில் ஆடிய இடத்தில் யாரைப் போடுவது என்றுதான் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மீதி நான்கு ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான். இருக்கிற ஒரே நல்லது அது. இன்று 0–3. மூன்றும் என்னைத் தாண்டிப் போனவை. இரண்டாவது பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது கை மோதிர விரல் கொஞ்சம் மடங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

வரலாறு எழுத உட்கார்ந்தேன். ‘2011-ஆம் ஆண்டு கம்பெனி ஆண்டு விழாவில்’ என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அப்படியே இருந்தேன்.

நடந்தது இதுதான். ஆண்டு விழாவில் ஆபீஸ் ஆண்களுக்குக் கால்பந்து, இறால் உரிக்கும் பெண்களுக்குக் கோலப்போட்டி. என்னோடு இறால் உரித்த லூர்துதான் மைக்குப் பக்கத்தில் போய் நின்று, “எங்களுக்கும் பந்து வேணும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சாது முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. “எத்தன பேர் இருக்கிய?” என்று கேட்டார். நாங்கள் பதினொரு பேர் எழுந்து நின்றோம். ஷூ கிடையாது. குளிர் அறைக்குப் போடுகிற ரப்பர் பூட்சைப் போட்டுக்கொண்டு ஆடினோம். நான் உயரமாக இருந்ததால் கோலில் நிறுத்தினார்கள். ஆபீஸ் ஆண்களிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். லூர்து ஒன்று போட்டாள். அந்த ஒரு கோலுக்காக முதலாளி மறுவாரம் பதினொரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தார். அவற்றில் நான்கு என் காலுக்குச் சேரவில்லை. ஐந்தாவது சேர்ந்தது.

அந்தப் பதினொரு பேரில் இன்று இருப்பது நானும் லூர்துவும். எனக்கு முப்பத்திரண்டு, அவளுக்கு ஒரு வயது குறைவு.

ரப்பர் பூட்ஸ் விஷயத்தைச் சங்கக் குழுவுக்கு எழுதலாமா? அடித்துவிட்டேன். ‘உரிய உபகரணங்கள் இன்றி’ என்று போட்டேன்.

பதின்மூன்று பேர்.

பிப்ரவரி 24, சனி

சமையல்காரம்மா நேற்றோடு நின்றுவிட்டார்கள். கஞ்சியும் பயறும் நான் வைத்தேன். ஜெர்சிகளை அலசிக் காயப்போட்டேன். பிழிகிற வேலையை மட்டும் லூர்துவிடம் விட்டேன்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். கரண்ட் பில் ஒன்று. எங்களுக்குக் கோல் போடுகிற முத்துப்பேச்சிக்குச் சென்னையிலிருந்து ஒரு பழுப்புக் கவர், அரசு முத்திரையோடு. போன வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அவள் அப்பா விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி எடுக்கிறவர். காட்டுக்குக் காடு மாறுவதால் வீட்டு விலாசத்தில் தபால் சேராது என்று ஹாஸ்டல் விலாசத்தைக் கொடுத்திருந்தாள். அவள் போனும் ஜனவரியில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, நம்பரும் மாறிவிட்டது.

நாளை போட்டி. இந்த நேரத்தில் மனம் சிதறக்கூடாது. கவரை என் கையுறைப் பையில் வைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

1–1. பேச்சி போட்ட கோல். மூன்று பேரைத் தாண்டி, விழப்போகிற மாதிரி சாய்ந்து, இடது காலால் தட்டிவிட்டாள். பதினேழு வயதில் ஒல்லியாக வந்து நின்றவள். இப்போது இருபத்திரண்டு. அவளிடம் பந்து போனால் எதிரணிக் கோலி ஓர் அடி பின்னால் வைப்பதை நான் எங்கள் கோலிலிருந்தே பார்க்கலாம்.

ஒரு புள்ளி. இன்னும் நான்கு வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஆள் பேச்சு, சாப்பாடு. கவர் ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வரலாற்றோடு சேர்க்கப் பழைய போட்டோ இரண்டு எடுத்தேன். ஸ்டோர் ரூமில் பசை தேடினேன். காய்ந்து கிடந்தது.

மதியம் பேச்சி கேட்டாள். “போஸ்ட்மேன் வந்தாராக்கா? ஒரு கடுதாசி வரணும். இந்த மாசம் வரும்னு சொன்னாவ.”

“கரண்ட் பில்லுதான் வந்துச்சு” என்றேன். அதுவும் வந்ததுதான்.

பிப்ரவரி 29, வியாழன்

பதினொரு பேர். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இன்னொருத்தி சொல்லாமலே போய்விட்டாள். கட்டிலில் விரிப்பை மட்டும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள்.

மாற்று ஆள் என்று இனி யாரும் இல்லை. பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து ஆடினால் நான் நடுவில் நின்று விசில் ஊதுகிறேன். விரலுக்காக இல்லை. யாராவது ஊத வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

2–1. ஜெயித்தோம். இரண்டும் பேச்சி.

கடைசி விசிலுக்குப் பிறகு பேச்சி நேரே என்னிடம் ஓடிவந்து என்னைத் தூக்கினாள். அவளைவிட நான் பத்து கிலோ அதிகம். இரண்டு பேரும் விழுந்தோம். “அக்கா, பத்தாந்தேதி ஒரு டிரா போதும்லா? ஒரு டிராதான?” என்று புல்லில் படுத்துக்கொண்டே கேட்டாள். போதும் என்றேன். வெயில் கண்ணில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

தனசிங் ஐயா போன் செய்தார். “ஒரே ஒரு பாயின்ட் பிரகாசி. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

மார்ச் 5, செவ்வாய்

ஒன்பது பேர். இரண்டு பேரைப் பெங்களூரிலிருந்து வந்து காரில் அழைத்துப் போனார்கள். நான் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பத்தாம் தேதிக்குப் பிறகு சங்கம் எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன். “அதுக்குப் பொறவு என்னக்கா?” என்றாள் ஒருத்தி. அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது.

ஒன்பது பேரில் கோல் போடத் தெரிந்தவள் ஒருத்திதான்.

மார்ச் 6, புதன்

பேச்சி மறுபடி கேட்டாள். நான் பயறு அலசிக்கொண்டிருந்தேன்.

“வந்தா உனக்குத் தராம நான் என்ன செய்யப் போறேன்?” என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கி, தட்டுகளை எடுத்து வைக்கப் போனாள்.

எட்டு மணிக்குச் சென்னை ரயில் கூவிவிட்டுப் போனது. ஹாஸ்டல் வரைக்கும் அது கேட்கும் என்று இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை.

மார்ச் 7, வியாழன்

துணி துவைத்தேன். வலை கட்டினோம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

காலையில் லூர்து என் கையுறைகளைத் துவைக்க எடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் எடுத்தாள். என் விரலைப் பார்த்துவிட்டு, “இது முறிஞ்சிருக்குட்டி, மூணு வாரமா இத வச்சுக்கிட்டா நிக்க?” என்று திட்டிக்கொண்டே பையைக் கவிழ்த்தாள். கவர் விழுந்தது.

எடுத்துப் பேரைப் பார்த்தாள். தபால் முத்திரையில் தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எப்ப வந்துச்சு இது?”

நான் கீழே விழுந்த கையுறைகளைப் பொறுக்கினேன்.

“பிரகாசி, எப்ப வந்துச்சுன்னு கேக்கேன்.”

அவள் என்னிடம் கொடுக்கவில்லை. நேராக மாடிக்குப் போய்ப் பேச்சியிடம் கொடுத்தாள். நானும் பின்னாலேயே ஏறினேன். பேச்சி கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கவரைத் திருப்பிப் பார்த்தவள் ஓர் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

“சோத்துப் பசையால்லா ஒட்டியிருக்கு” என்றாள்.

பிறகு பிரித்துப் படித்தாள். மெதுவாக, உதடு அசையப் படித்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு. ஏழாம் தேதி காலை பத்து மணி, சென்னை. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராதவர்கள் வாய்ப்பை இழப்பார்கள்.

“நேத்துக்கா” என்றாள்.

நான் அவளிடம் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியவில்லை. என்னென்னவோ சொன்னேன். ஒரு பாயின்ட் என்றேன், எல்லோருக்காகவும்தான் என்றேன். லூர்து, “வாய மூடு” என்றாள்.

பேச்சி அழவில்லை, திட்டவும் இல்லை. பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டாள். மதியம் பஸ் ஏறிவிட்டாள். லூர்து பஸ் ஸ்டாண்ட் வரை போனாள். என்னை வரவேண்டாம் என்று சொன்னது பேச்சியா லூர்துவா என்று தெரியவில்லை. லூர்துதான் வந்து சொன்னாள்.

எட்டுப் பேர்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மாலை நான்கு மணி ஆட்டம். வெயில் இறங்கவே இல்லை. எதிரணி பதினொரு பேர், வெளியே ஏழு பேர் மாற்று. நாங்கள் எட்டு. நான் கோலில், எனக்கு முன்னால் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். முன்வரிசையில் யாரும் இல்லை. யாராவது பந்தை வெளியே அடித்தால் அதுவே பெரிது.

விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். முதல் பாதியில் பதினொரு ஷாட். எண்ணியது நான் இல்லை, பந்து எடுத்துப் போடுகிறவர் சொன்னார். எப்படியோ ஒன்றும் உள்ளே போகவில்லை. ஹாஃப் டைம். தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். லூர்து என் பக்கத்தில் உட்காரவில்லை. ஆனால் ஆட்டத்தில் எனக்கு வந்த பந்தில் பாதியை அவள்தான் உடம்பால் தடுத்தாள்.

அறுபத்தொன்றாவது நிமிஷத்தில் ரூபா என்கிற பின்வரிசைப் பெண் சுருண்டு விழுந்தாள். வாந்தி. தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழு.

எழுபதாவது நிமிஷம் 0–0. எழுபத்தைந்து 0–0. தனசிங் ஐயா கோட்டுக்கு வெளியே நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் ஒரு கார்னர். லூர்து எழும்பித் தலையால் அடித்தாள். நல்ல அடி, பந்து பாதி மைதானம் தாண்டிப் போனது. இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எழுந்து நின்றாள். ஓர் அடி வைத்தாள். விழுந்தாள். மறுபடி எழுந்து கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் இப்படியே நிக்கேன். கம்பத்தப் பிடிச்சிட்டு நின்னா உங்களுக்கு என்ன? ஆளு இருக்கேன்லா” என்று ரெஃப்ரியிடம் சொன்னாள்.

ரெஃப்ரி ஒரு பெண்தான், எங்களைவிடச் சின்னவள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றாள். டாக்டர் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் ரெஃப்ரியிடம் போய், பன்னிரண்டு நிமிஷம்தான், ஆறு பேரோடு ஆடுகிறோம், நீங்கள் எண்ண வேண்டாம் என்றேன். “எனக்குப் புரியுதுங்க. ரூல் அப்படி. என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். பிறகு ஊதினாள்.

ஆட்டம் கைவிடப்பட்டது. எதிரணிக்கு 3–0. ஏழாம் இடம். இறங்கினோம்.

பேச்சி இருந்திருந்தால் லூர்து விழுந்த பிறகும் நாங்கள் ஏழு பேர்.

இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். இன்னும் அவளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

லூர்துவுக்கு ஆபரேஷன் வேண்டுமாம். என் விரல் கோணலாகக் கூடிவிட்டது. உடைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். தனசிங் ஐயாவிடம் வரலாற்றுப் பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்தார். படிக்கவில்லை. “டீ குடிக்கியா?” என்றார்.

மார்ச் 13, புதன்

பேச்சி போன் செய்தாள். சென்னையில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள். மூன்று நாள் அலைந்து ஓர் அதிகாரியைப் பார்த்திருக்கிறாள். தபால் ஏன் தாமதமானது என்று, அதை வாங்கியவர் எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றாராம்.

“எழுதித் தருவியளா?” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் ‘மறதியால்’ என்று இருந்தது. நான்காவதில் ‘போட்டி நெருக்கடியில்’ என்று இருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்:

‘பிப்ரவரி 24 அன்று கவர் என் கைக்கு வந்தது. 26 அன்று நான் அதைப் பிரித்துப் படித்தேன். தேதி தெரிந்தும் முத்துப்பேச்சியிடம் கொடுக்கவில்லை. அவர் போய்விட்டால் எங்களால் ஒரு புள்ளி எடுக்க முடியாது என்று மறைத்தேன். அவர் இரண்டு முறை கேட்டபோது பொய் சொன்னேன். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. – அ. பிரகாசியம்மாள், கேப்டன்.’

மார்ச் 15, வெள்ளி

சென்னை. தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோனேன். பேச்சி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் இன்னொருவர் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

அந்த அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கதான் எழுதினதா? தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?”

“ஆமா சார்.”

“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்? அக்காவா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி, “கேப்டன் சார்” என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. “புதன்கிழமையே மேல கேட்டேன்மா. லிஸ்ட் போயிருச்சு. உங்களுக்கு அடுத்து இருந்த பொண்ணுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. அதுவும் கஷ்டப்படற பொண்ணுதான். நேத்து அப்பாவோட வந்து வாங்கிட்டுப் போச்சு. அத எப்படித் திரும்ப வாங்கறது, சொல்லுங்க?”

பேச்சி, “வேண்டாம் சார்” என்றாள்.

கடிதத்தில் சீல் குத்தி ஃபைலில் வைத்தார். அடுத்த தேர்வு எப்போது என்று தெரியாது என்றார்.

வெளியே வந்தோம். கேரளாவில் ஒரு கிளப் கூப்பிட்டிருக்கிறது, ஒரு வருஷத்துக்கு, மதிய ரயிலுக்கே போகிறேன் என்றாள் பேச்சி. நல்லது என்றேன். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “வேலைக்குச் சேந்துட்டேன்னு நெனச்சிட்டிருக்காரு. ஊரெல்லாம் சொல்லிட்டாராம்” என்றாள்.

சென்ட்ரல் வரை கூடவே நடந்தேன். அவள் வேகமாகவும் நடக்கவில்லை, எனக்காக நிற்கவும் இல்லை. படியில் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ரயில் பெட்டி வாசலில் நின்று, “லூர்தக்காவுக்கு ஆபரேஷன் என்னைக்கு?” என்று கேட்டாள்.

“செவ்வாக்கிழம.”

“கூட இருங்க. அவியளுக்கு ஊசின்னா பயம்.”

இருப்பேன் என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே போய், பிளாட்பாரம் இல்லாத பக்கத்து ஜன்னலில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.